மேட் ஃபினிஷ் துப்பாக்கியைத் துருவிலிருந்து காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமம் பெற்று 12 போர் துப்பாக்கியோ .315 ரைஃபிளோ வைத்திருப்பவர்கள், ரைஃபிள் கிளப்பில் சுடுகிறவர்கள், பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டின் காற்றையும் வேர்வையையும் மனதில் வைத்து எழுதியவை. வறண்ட குளிர்நாடுகளுக்கு எழுதிய பராமரிப்புக் கால அளவுகள் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் பொருந்தாது.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

பளபளப்பான துப்பாக்கியைவிட மேட் ஃபினிஷ் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

மேட் என்ற மங்கலான, பளபளக்காத தோற்றம் வருவதற்காகக் குழலின் மேல் நுண்ணிய கண்ணாடி மணிகளையோ துகள்களையோ காற்றழுத்தத்தில் வீசி அடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கருநிறம் ஏற்றுகிறார்கள். அடிபட்ட மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம். காற்றைத் தொடும் இரும்பின் பரப்பு கூடிவிடுகிறது. பள்ளங்களில் வேர்வை உப்பும் தூசியும் தங்குகின்றன. துணியால் துடைத்தால் மேட்டில் இருப்பது மட்டும் வருகிறது, பள்ளத்தில் இருப்பது அப்படியே நிற்கிறது.

புளூயிங் என்ற கருநிறமும் ஓர் இரும்பு ஆக்சைடுதான். அதன் தடிமன் ஓரிரு மைக்ரான், நுண்துளைகள் நிறைந்தது. அது தனியாக நின்று துருவைத் தடுக்காது. தன் துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. எண்ணெய் வற்றிய மேட் குழல், பூச்சே இல்லாத இரும்புக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான இரும்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது வேகமாகத் துருவேறத் தொடங்கும். மேலே உப்பு இருந்தால் கதை வேறு. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அதைச் செய்யும். கடற்கரை ஊர்களில் மழையே பெய்யாத மாதத்திலும் குழல் துருவேறுவது இதனால்தான்.

என்னிடம் இருப்பது எந்த வகை மேட் பூச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். எண்ணெயை உறிஞ்சி அந்த இடம் கறுத்துப்போனால், சாம்பல் அல்லது பச்சை கலந்த சாம்பல் நிறமும் சொரசொரப்பும் இருந்தால், அது பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சு. எண்ணெய் மெல்லப் பரவி, கருநீலம் சற்றே ஆழமானால் புளூயிங். எண்ணெய் மேலேயே நின்று, துடைத்தால் சுவடில்லாமல் வந்துவிட்டால் அது பெயின்ட் அல்லது செராமிக் கலந்த பாலிமர் பூச்சு. வெள்ளி நிறத்தில் மங்கலாக இருந்து காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். காந்தமே ஒட்டவில்லை என்றால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் துரு கிடையாது, ஆனால் அதில் முடுக்கிய இரும்புத் திருகுகளுக்கு உண்டு.

இவற்றில் எண்ணெயை அதிகம் கேட்பது பாஸ்பேட். சரியாக ஊட்டினால் புளூயிங்கைவிட அதிக நாள் தாங்கும்.

எந்த எண்ணெய் நல்லது?

துரு தடுப்பான் கலந்த கனிம எண்ணெய் எதுவானாலும் சரி. துப்பாக்கிக் கடைகளில் கிடைக்கும் கன் ஆயில், ரங்கூன் ஆயில், சுத்தம் செய்து உயவும் இட்டுக் காக்கும் மூன்று வேலை எண்ணெய்கள் எல்லாம் இந்த வகை. எதுவும் கிடைக்காத அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் போடலாம். மெல்லியது என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பிராண்டைப் பற்றிய விவாதங்கள் முடிவதே இல்லை. ஈரமான பீரோவில் வைத்த விலையுயர்ந்த எண்ணெயைவிட, உலர்ந்த பீரோவில் வைத்த சாதாரண எண்ணெய் துப்பாக்கியை நன்றாகக் காக்கும். காசைப் பீரோவுக்குச் செலவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் போடலாமா?

வேண்டாம். தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டு நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசினாகும். கெட்டுப்போகும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் இரும்பை அரிக்கும். மேட் பரப்பின் பள்ளத்தில் பிசினான எண்ணெயை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கடினம். விசைப் பகுதிக்குள் போனால் இயக்கமே சிக்கும்.

டபிள்யூ.டி-40? மண்ணெண்ணெய்?

நனைந்த துப்பாக்கியிலிருந்து நீரை வெளியேற்ற முதலாவது நல்லது. அழுக்கைக் கழுவ இரண்டாவது நல்லது. இரண்டிலும் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். எஞ்சும் படலம் மிக மெல்லியது. இவற்றைப் போட்ட பிறகு துடைத்து, உண்மையான எண்ணெய் பூச வேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்து அப்படியே மூடி வைப்பதுதான் கிராமப்புறத் துப்பாக்கிகளில் துருவுக்கு ஒரு பொதுவான காரணம்.

மேட் குழலுக்கு எண்ணெய் பூசும் சரியான முறை என்ன?

மேலாகத் துணியால் ஒற்றி எடுப்பது பளபளப்பான குழலுக்குப் போதும். மேட் குழலுக்குப் போதாது.

முதலில் பழைய அழுக்கு போக வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நைலான் பல் துலக்கியால் குழலை வட்ட வட்டமாகத் தேயுங்கள். மரக் கட்டையின் வார்னிஷ் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். இதற்குப் பிறகு வெறும் விரலால் உலோகத்தைத் தொடாதீர்கள், நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூடு. முடி உலர்த்தும் டிரையரால் குழலைக் கை பொறுக்கும் அளவுக்கு, சுமார் 45 டிகிரி வரை சூடாக்குங்கள். பள்ளத்தில் ஒளிந்திருக்கும் ஈரம் போகும். எண்ணெயும் இளகி உள்ளே இறங்கும். பலர் விட்டுவிடும் படி இது. மேட் பூச்சில் இதுதான் பலனைத் தீர்மானிக்கிறது.

சூடு ஆறும் முன் இரண்டு மில்லி எண்ணெயைச் சிறு தூரிகையால் குழல் முழுக்கத் தடவுங்கள். பாஸ்பேட் என்றால் அந்த அளவு போதாது, அது குடிக்கும் வரை கொடுங்கள். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். கை வைத்தால் ஈரம் தெரியக் கூடாது, ஆனால் நிறம் கறுத்திருக்க வேண்டும். வெளிறிப்போன இடம் தெரிந்தால் அங்கே மட்டும் மறுபடியும் தடவுங்கள். நெடுநாள் காய்ந்து கிடந்த பாஸ்பேட் பூச்சு இப்படி மூன்று இரவுகள்கூடக் கேட்கும்.

எண்ணெய் வழிய வழிய விடுவதால் பாதுகாப்பு அதிகமாகாது. நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் அது கீழே இறங்கிக் கட்டையின் கழுத்துப் பகுதியில் ஊறும். ஊறிய மரம் கறுத்து மென்மையாகி, ஒருநாள் சுடும் அதிர்வில் விரிசல் விடும். எண்ணெய் போட்ட முதல் இரண்டு நாள் குழல் வாய் கீழே இருக்கும்படி, ஒரு மடித்த துணியின் மேல் சாய்த்து வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கடற்கரை மாவட்டங்களில் மாதம் ஒருமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கோவை, சேலம் பக்கம் இரண்டு மாதம் தாங்கும். நீலகிரி, கொடைக்கானல் மூடுபனியைக் கடற்கரைக்குச் சமமாக நினையுங்கள். அங்கே உப்பு இல்லை, ஈரம் உண்டு. நாட்கணக்கைவிட நம்பகமானது நிறம்: குழல் சாம்பல் பூத்தாற்போல் வெளிறினால் அது எண்ணெய் கேட்கிறது.

கை பட்டால் மட்டும் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு எழும். வேர்வையில் உப்பு உண்டு, கொஞ்சம் அமிலமும் உண்டு. சிலருடைய வேர்வை ஒரே இரவில் தடம் பதிக்கும். கிளப்பில் துப்பாக்கியைப் பலர் எடுத்துப் பார்த்தால் வீட்டுக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். எண்ணெய் ஊறிய ஒரு துணியைச் சிறு டப்பாவில் போட்டுக் கைவசம் வைத்து அங்கேயே துடைத்துவிடுங்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் குழல் வேர்க்கிறதே?

வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்தக் காற்றின் பனிநிலை (நீராவி நீராகப் படியும் வெப்பநிலை) ஏறக்குறைய 27 டிகிரி. உங்கள் துப்பாக்கி 24 டிகிரியில் இருந்து வருகிறது. வெளிக்காற்று பட்டதும் குழலின் உள்ளும் புறமும் நீர் பூத்துவிடும். வெளியைத் துடைக்கிறோம், குழலின் உள்ளேயும் கட்டைக்கு அடியிலும் பூத்ததை யாரும் துடைப்பதில்லை.

பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து முக்கால் மணி நேரம் விடுங்கள். உலோகம் வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் வேர்க்காது. ஏசி காரில் போகிறவர்களுக்கும் இதே விதி.

துரு முதலில் எங்கே எழும்?

கண்ணுக்குத் தெரியாத இடத்தில். முன்கட்டையைக் கழற்றினால் தெரியும் குழலின் அடிப்பகுதி, கட்டையும் குழலும் சேரும் கோடு, பின் குறிமுனையின் அடி, வார் மாட்டும் வளையம், ஸ்கோப் பிடிப்பான்களுக்குள், அடித்தகட்டுத் திருகுகள், போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடியின் வேர். மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு குழலோடு ஒட்டி நிற்பதால் முன்கட்டையின் அடிதான் மிக மோசம். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்கோப் திருகுகளுக்குப் பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்ட எண்ணெய் போதும். லென்ஸ் பக்கம் ஸ்பிரே வேண்டாம். கழற்றி மாட்டும் சோக் (குழல் வாயைக் குறுக்கும் சிறு குழாய்) உள்ள 12 போர் என்றால் அந்த மரைகளையும் மறக்காதீர்கள். அங்கே துரு பிடித்தால் சோக் குழலோடு ஒன்றாகிவிடும்.

பீரோவில் ஈரத்தை எப்படிக் குறைப்பது?

இலக்கு 45 முதல் 50 சதவீதம். அதற்கும் மிகக் கீழே போனால் கட்டை காய்ந்து வெடிக்கும்.

முதலில் ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். அது சொல்வது சரியா என்று பார்க்க ஒரு மூடி உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களிபோல் ஆக்கி, மானியோடு சேர்த்து ஒரு ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், அது எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு இரண்டு வழிகள். ஒன்று சிலிக்கா ஜெல். 5 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழமுள்ள இரும்புப் பீரோவின் காற்றில், 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, ஆறேழு கிராம் நீராவிதான் இருக்கும். சிலிக்கா ஜெல் நமக்கு வேண்டிய ஈரப்பதத்தில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும். கணக்குப்படி 50 கிராமே போதும். ஆனால் கதவு இடுக்கு வழியே புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். அதனால் 500 கிராம் வையுங்கள். கதவைச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒட்டுவதுபோன்ற ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பட்டை இல்லையென்றால் எத்தனை கிலோ வைத்தாலும் மழைக்காலத்தில் சில நாளிலேயே ஊறிவிடும். நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள்; ஆரஞ்சு பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு உண்டு, சமையலறையில் காய்ச்ச வேண்டாம்.

இன்னொரு வழி வெப்பம். பீரோவின் அடியில் குறைந்த வாட் சூடேற்றும் தண்டு பொருத்தினால் உள்ளே வெப்பம் சற்று உயரும். 30 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்று 35 டிகிரிக்கு உயர்ந்தால் ஈரப்பதம் 60-க்கு இறங்கும், நீராவியின் அளவு மாறாமலே. குண்டு பல்பை வைப்பவர்கள் உண்டு. எண்ணெய்த் துணியும் பல்பும் ஒரே பெட்டியில் இருப்பது தீ விபத்துக்கு வழி, தண்டே நல்லது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் சிலிக்காவை நம்புங்கள்.

ஈரம் உறிஞ்சும் டப்பா என்று கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு மட்டும் வேண்டாம். அது உறிஞ்சிய நீர் டப்பாவில் குளோரைடு கரைசலாக நிற்கும். கவிழ்ந்தால் ஒரே நாளில் குழலைத் தின்றுவிடும். அரிசிப் பொட்டலமும் பயனில்லை. அரிசியிலேயே 12, 13 சதவீதம் நீர் இருக்கிறது.

தோல் பையிலோ ஸ்பாஞ்ச் பெட்டியிலோ வைத்திருக்கலாமா?

பயணத்துக்கு மட்டும். தோலைப் பதப்படுத்திய உப்பும் அமிலமும், ஸ்பாஞ்சில் தங்கும் ஈரமும் குழலோடு ஒட்டி நிற்கும். வீடு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்.

மெழுகு பூசினால்?

பளபளப்பான புளூயிங்குக்கு நுண்படிக மெழுகு அருமையானது. மேட் பூச்சில் அது பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கும். தேய்த்தால் ஆங்காங்கே மினுக்கும். மங்கல் தோற்றம் வேண்டும் என்பவர்கள் எண்ணெயோடு நிற்பதே நல்லது.

செம்புள்ளிகள் வந்துவிட்டன. பூச்சைக் கெடுக்காமல் எப்படி எடுப்பது?

எலுமிச்சை, புளி, வினிகர், பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் ரிமூவர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். கருநிறமும் இரும்பு ஆக்சைடு என்பதால் அமிலத்துக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. துருவோடு புளூயிங்கும் போய் வெள்ளை இரும்பு தெரியும். உப்புத்தாளும் இரும்புக் கம்பளியும் மேட் பரப்பின் மேடுகளைச் சீவிவிடும். அந்த இடம் நிரந்தரமாக மினுக்கும்.

புள்ளியின் மேல் மெல்லிய ஊடுருவும் எண்ணெயை விட்டு 24 மணி நேரம் காத்திருங்கள். முரட்டுப் பருத்தித் துணியாலும் நைலான் தூரிகையாலும் தேயுங்கள். புதுத் துருவில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். மிஞ்சியதற்கு, தட்டையாகத் தட்டிய செம்புக் கம்பியின் விளிம்பால் எண்ணெயோடு மெல்லச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மையானது, கீறாது. சொரசொரப்பில் செம்பு ஒட்டிச் செந்நிறக் கோடு தெரிந்தால், குழலின் செம்புப் படிவை நீக்கும் திரவத்தால் துடைத்தால் போய்விடும்.

துரு பரவலாக இருந்தால், மரமோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் கழற்ற முடிந்த இரும்பு உறுப்புகளை வாலை வடிநீரில் அரை மணி நேரம் கொதிக்க விடலாம். செந்துரு கருநிற ஆக்சைடாக மாறும். தளர்ந்த கருந்தூளைத் தூரிகையால் தள்ளிவிட்டு, சூடாக இருக்கும்போதே எண்ணெய் பூச வேண்டும். போர்வெல் தண்ணீர் கூடாது, அதன் உப்புகள் புதுத் துருவுக்கு வித்து. இரட்டைக் குழலை வீட்டில் இப்படிக் கொதிக்க விட வேண்டாம். இரு குழல்களுக்கு நடுவே பட்டையின் அடியில் உள்ள வெற்றிடத்தில் நீர் தங்கிவிடும்.

துருவை எடுத்த பிறகு நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் அது தோற்றப் பிரச்சினை அல்ல. குழலின் உள்ளே அல்லது சேம்பர் அருகே அப்படி இருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குபவர் பார்க்கும் வரை சுட வேண்டாம்.

மறுபடி புளூயிங் செய்யக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். லேத் பட்டறையிலோ முலாம் பூசும் கடையிலோ கொடுப்பது குற்றம்.

இரட்டைக் குழல் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சூட்டுக் காரப் புளூயிங் வேண்டாம். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அந்தத் தொட்டி 140 டிகிரி அளவில் கொதிக்கும். குழல்களை ஒட்டியிருக்கும் ஈயப்பற்றை அது அரிக்கும். இடுக்கில் தங்கிய காரம் மாதக்கணக்கில் கசிந்து துருவேற்றும். அவற்றுக்குத் துருவேற்றிக் கொதிக்க வைக்கும் மெதுமுறைதான் சரி. மேட் தோற்றம் திரும்ப வேண்டுமானால் துகள் வீச்சும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

பாட்டிலில் வரும் குளிர் புளூயிங் சிறு கீறலை மறைக்கும், காக்காது. மேட் பரப்பில் அது பூசிய இடம் தனித் திட்டாகத் தெரியும். பூசியபின் நன்றாகக் கழுவி எண்ணெய் இடாவிட்டால் அதுவே துருவேற்றும்.

சுட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்?

அன்றே சுத்தம் செய்யுங்கள். கரும்பொடி போடும் நாட்டுத் துப்பாக்கியிலும், பொட்டாசியம் குளோரேட் பிரைமர் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) உள்ள பழைய தோட்டாக்களிலும் எஞ்சுவது உப்பு. அது எண்ணெயில் கரையாது, வெந்நீரில்தான் கரையும். சோப்பு கலந்த வெந்நீர், பிறகு வெறும் வெந்நீர், பிறகு துணி வறண்டு வரும் வரை புல்த்ரூ (துணி கட்டிக் குழலுக்குள் இழுக்கும் கயிறு), கடைசியில் எண்ணெய். அடுத்த முறை சுடும் முன் குழலையும் சேம்பரையும் உலரத் துடைத்துவிடுங்கள். சேம்பரில் எண்ணெய் இருந்தால் வெடித்த தோட்டாவின் உறை சுவரைப் பற்றாமல் போல்ட்டின் மேல் அழுத்தம் கூடும்.

ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளுக்கு வெளியே மட்டும் இந்த எண்ணெய். அழுத்த அறைக்குள் கனிம எண்ணெய் போனால் அமுங்கும் சூட்டில் தீப்பிடித்து வெடித்து ஸ்பிரிங்கையும் சீலையும் உடைக்கும்.

ஸ்டெயின்லெஸ், செராமிக் பூச்சு என்றால் கவலை இல்லையா?

குறைவு, இல்லாமல் இல்லை. குழல்களுக்குப் பயன்படும் 416 வகை ஸ்டெயின்லெஸில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். எளிதாகக் கடைவதற்காகக் கந்தகமும் சேர்த்திருப்பார்கள். கடல் உப்புக்கு அது புள்ளி புள்ளியாகக் குழிவிழும். செராமிக் பூச்சு கீறிய இடத்தில் துரு நுழைந்து பூச்சின் அடியிலேயே ஓடும். இரண்டுக்கும் மாதம் ஒரு துடைப்பு போதும்.

தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்ப வரும்போது துருவோடு வருகிறது. என்ன செய்வது?

வாரக்கணக்கில், சில நேரம் இரண்டு மாதத்துக்கு மேலும், யாரும் தொடாத அறையில் சுவரோரம் நிற்கப்போகிறது என்று எண்ணித் தயார்செய்யுங்கள். மேலே சொன்னபடி சுத்தம் செய்து சூடாக்கி எண்ணெய் ஊட்டுங்கள். அதன்மேல் லித்தியம் கிரீஸை மிக மெல்லிய படலமாகக் குழலின் வெளியே தடவுங்கள். வாசலின் வேண்டாம், கோடை வெயிலில் இளகி வழிந்துவிடும். குழலின் உள்ளே கிரீஸ் போடாதீர்கள். தடித்த எண்ணெயில் நனைத்த துணியை இரண்டு முறை இழுத்தால் போதும், துணி உள்ளேயே நிற்கக் கூடாது.

துரு தடுக்கும் ஆவி விடும் வி.சி.ஐ. காகிதம் இயந்திர உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். அதைக் குழலைச் சுற்றிச் சுருட்டி, மேலே பருத்தி உறை போடுங்கள். வெறும் பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. தோல் வாரைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

உறைமேல் பெயர், உரிம எண், துப்பாக்கி எண் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். ஒப்படைக்கும் அன்றைய நிலையைப் படமெடுத்து, ரசீதில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கவும் அனுமதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அங்கே உலர்ந்த அலமாரி இருக்கும், கட்டணம் கொஞ்சம்தான்.

திரும்பப் பெற்றதும் அங்கேயே உறையைப் பிரித்துப் பாருங்கள். வீட்டில் மண்ணெண்ணெய் தொட்ட நைலான் தூரிகையால் கிரீஸை எடுத்து, முன்கட்டையைக் கழற்றி அடியையும் பார்த்து, அன்றே புது எண்ணெய் பூசுங்கள். குழலுக்குள் வெளிச்சம் அடித்து, அடைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே தோட்டாவைப் பற்றி யோசிக்க வேண்டும்.